சூடா, குவாண்டமா, இரைச்சலா? ஜோசப்சன் சந்தியை முதன்முதலில் அளக்க வருபவர்களுக்கு

மீக்கடத்திச் சந்தி ஒன்றை மில்லிகெல்வின் அளவுக்குக் குளிரவைத்து, அதன் வழியே மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். மின்னழுத்தம் சுழியிலேயே நிற்கிறது. திடீரென்று ஒரு கணத்தில் மேலே தாவிவிடுகிறது. மின்னோட்டத்தை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால், இந்த முறை வேறோர் அளவில் தாவுகிறது. ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் வெவ்வேறு எண்கள் கிடைக்கும். கருவியில் கோளாறு இல்லை. அந்தச் சிதறலுக்குள்தான் முழு இயற்பியலும் இருக்கிறது.

சந்தியைத் தாவச் செய்தது எது? வெப்பமாக இருக்கலாம். குவாண்டம் டன்னலிங்காக, அதாவது ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்டாமல் ஊடே கடப்பதாக, இருக்கலாம். அல்லது அறை வெப்பநிலையிலிருந்து உங்கள் ஒயர் வழியாக இறங்கி வந்த இரைச்சலாகவும் இருக்கலாம். முதல் இரண்டையும் பாடநூல்கள் நன்றாகவே விளக்கிவிடுகின்றன. மூன்றாவதை ஆய்வகத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறிவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. இளநிலை இயற்பியல் அளவுக்கு மின்னியலும் குவாண்டம் இயங்கியலும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், கட்டம் என்ற ஒற்றை மாறி

இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் மின்காப்புப் படலம் ஒன்றை வைத்தால் அது ஜோசப்சன் சந்தி. மீக்கடத்திக்குள் எலெக்ட்ரான்கள் கூப்பர் இணைகளாகச் சேர்ந்து, அத்தனை இணைகளும் ஒரே அலைச் சார்பால் விவரிக்கத்தக்க நிலைக்கு வந்துவிடுகின்றன. அந்த அலைக்கு ஒரு கட்டம் உண்டு. இடப்பக்கத்துக் கட்டத்துக்கும் வலப்பக்கத்துக் கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இனி சுருக்கமாகக் 'கட்டம்' என்று சொல்லப்போகிறேன்.

பிரையன் ஜோசப்சன் 1962இல் இரண்டு உறவுகளைக் கணித்தார். ஒன்று: சந்தி வழியே மின்னழுத்தமே இல்லாமல் பாயும் மின்னோட்டம், மாறுநிலை மின்னோட்டத்தை (அப்படிப் பாயக்கூடிய உச்ச அளவை) கட்டத்தின் சைனால் பெருக்கினால் வரும் அளவு. இரண்டு: கட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதற்கு நேர் விகிதத்தில் மின்னழுத்தம் தோன்றும். இரண்டாவதில் உள்ள எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் என்றால் கட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 48 கோடியே 36 லட்சம் முறை சுற்றுகிறது, அதாவது 483.6 மெகாஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டே ஆண்டர்சனும் ரோவலும் பெல் ஆய்வகத்தில் இந்த மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள்.

கட்டம் என்பது தனி ஓர் எலெக்ட்ரானின் பண்பு அல்ல. கோடிக்கணக்கான கூப்பர் இணைகளின் கூட்டு நடத்தையைச் சொல்லும் ஒற்றை மாறி அது. இவ்வளவு பெரிய கூட்டத்தின் மாறி டன்னல் செய்யுமா என்ற கேள்விக்குத்தான் கீழே வரும் சோதனைகள் விடை தேடின.

சாய்ந்த நெளி தகரம்

சந்தியை ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும் பக்கத்தில் இணைந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போடும் முறையை ஸ்டூவர்ட்டும் மெக்கம்பரும் 1968இல் தந்தார்கள். அந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால், நெளி தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்து அதன் பள்ளத்தில் ஒரு கோலிக்குண்டை விட்டால் அது எப்படி நகருமோ அதே சமன்பாடு வரும். குண்டின் இடம்தான் கட்டம். குண்டின் நிறை மின்தேக்குத்திறன். மின்தடை உராய்வைத் தருகிறது. மின்தடை குறைந்தால் உராய்வு கூடும். நீங்கள் செலுத்தும் மின்னோட்டம் தகரத்தின் சாய்வு.

சாய்வு குறைவாக இருக்கும்வரை குண்டு ஒரு பள்ளத்துக்குள் ஆடிக்கொண்டு கிடக்கும். சராசரியாக நகர்வு இல்லை, எனவே மின்னழுத்தமும் இல்லை. சாய்வைக் கூட்டக் கூட்டப் பள்ளம் ஆழம் குறையும். மாறுநிலை மின்னோட்டத்தை எட்டும்போது பள்ளமே மறைந்துவிடும். ஆனால் உண்மையான சந்தி அதுவரை காத்திருப்பதில்லை. மேடு சிறிதாகும்போதே குண்டு எப்படியோ வெளியேறி உருள ஆரம்பிக்கிறது. அந்த 'எப்படியோ'வுக்குத்தான் விடை வேண்டும். வெப்ப அசைவு குண்டை மேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டிருக்கலாம். அல்லது குண்டு மேட்டைத் தாண்டாமல் ஊடே கடந்து வந்திருக்கலாம்.

உராய்வு குறைவான சந்தியில் உருள ஆரம்பித்த குண்டு அடுத்த பள்ளத்தில் நிற்காது, தொடர்ந்து உருண்டுகொண்டே போகும். அதனால்தான் ஒரே ஒரு வெளியேற்றம் நமக்குப் பெரிய மின்னழுத்தத் தாவலாகத் தெரிகிறது. அளப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

குளிரூட்டும் முன் தாளில் போட வேண்டிய கணக்கு

ஃப்ரிட்ஜை (மில்லிகெல்வினுக்குக் குளிரவைக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜை) மூடிய பிறகு கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு குளிரூட்டலுக்கு நாள்கணக்கில் நேரம் போகும். என்ன தெரியப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் உள்ளே போனால், தவறான தரவு வந்தாலும் அடையாளம் தெரியாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சந்தியை எடுத்துக்கொள்வோம். அலுமினியம், அலுமினியம் ஆக்சைடு, அலுமினியம் என்ற அடுக்கு. பரப்பு 10 மைக்ரோமீட்டருக்கு 10 மைக்ரோமீட்டர். இந்த வகைச் சந்திகளில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 50 ஃபெம்டோஃபாரட் மின்தேக்குத்திறன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மொத்தம் 5 பிக்கோஃபாரட். மாறுநிலை மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியர் என்று கொள்வோம்.

மாறுநிலை மின்னோட்டத்தைக் குளிர்விக்காமலே ஓரளவு கணிக்கலாம். 1963இல் அம்பேகாவோக்கரும் பாரடாஃபும் தந்த உறவின்படி, மிகக் குறைந்த வெப்பநிலையில் மாறுநிலை மின்னோட்டத்தையும் சந்தியின் சாதாரண நிலை (மீக்கடத்தாத நிலை) மின்தடையையும் பெருக்கினால் வருவது மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியைப் பொறுத்த ஒரு மாறிலி. அலுமினியத்துக்கு அது ஏறத்தாழ 0.28 மில்லிவோல்ட். ஆகவே 10 மைக்ரோஆம்பியர் சந்தி என்றால் சுமார் 28 ஓம் காட்ட வேண்டும். சரி, மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று கை போகும். வேண்டாம். கையடக்க மல்டிமீட்டர் செலுத்தும் மின்னோட்டமே சிறிய சந்தியை எரித்துவிடப் போதும். தொடரில் பெரிய மின்தடை ஒன்றைப் போட்டு, மைக்ரோஆம்பியர் அளவிலேயே அளவுங்கள். சிப்பைத் தொடும்போது மணிக்கட்டில் எர்த் பட்டை இருக்கட்டும். ஒயர் பிணைக்கும்வரை சந்தியின் இரு முனைகளும் குறுக்கிணைந்தே இருக்கட்டும். நிலைமின் பொறி ஒன்றே அத்தனை உழைப்பையும் அழித்துவிடும்.

இனி மூன்று எண்கள். முதலாவது ஜோசப்சன் ஆற்றல்: மாறுநிலை மின்னோட்டத்தைக் காந்தப் பாய குவாண்டத்தால் (பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் இரு மடங்கால் வகுத்தது) பெருக்கி, இரண்டு பையால் வகுப்பது. 1 மைக்ரோஆம்பியருக்கு இது வெப்பநிலைக் கணக்கில் 23.8 கெல்வின், நம் சந்திக்கு 238 கெல்வின். இரண்டாவது பிளாஸ்மா அதிர்வெண், அதாவது குண்டு பள்ளத்தின் அடியில் ஆடும் வேகம். நம் சந்திக்கு மின்னோட்டம் இல்லாதபோது 12.4 ஜிகாஹெர்ட்ஸ். மூன்றாவது மேட்டின் உயரம். அது மின்னோட்டம் மாறுநிலையை நெருங்க நெருங்க, 'ஒன்றிலிருந்து மின்னோட்ட விகிதத்தைக் கழித்த அளவின்' ஒன்றரை அடுக்காகச் சுருங்கும் (விகிதம் என்பது செலுத்தும் மின்னோட்டத்தை மாறுநிலை மின்னோட்டத்தால் வகுத்தது). மேட்டின் உயரத்துக்கு முன்னால் வரும் பெருக்கு எண் ஏறத்தாழ 1.886, அதோடு ஜோசப்சன் ஆற்றலையும் பெருக்க வேண்டும்.

மாறுநிலை மின்னோட்டத்தில் 98 விழுக்காட்டில், அதாவது 9.8 மைக்ரோஆம்பியரில் நிற்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் இல்லாதபோது ஜோசப்சன் ஆற்றலின் இரு மடங்காக, அதாவது சுமார் 476 கெல்வினாக, இருந்த மேட்டின் உயரம் தடாலடியாக 1.27 கெல்வினுக்கு இறங்கியிருக்கும். பிளாஸ்மா அதிர்வெண்ணும் 5.5 ஜிகாஹெர்ட்ஸுக்குக் குறைந்திருக்கும்.

இப்போது வெப்பத்தால் வெளியேறும் வேகம். 1940இல் கிராமர்ஸ் தந்த கணக்கின் எளிய வடிவம்: குண்டு விநாடிக்கு எத்தனை முறை மேட்டை மோதுகிறது என்பதை, ஒரு மோதலில் தாண்டும் வாய்ப்பால் பெருக்கு. அந்த வாய்ப்பு, மேட்டின் உயரத்தை வெப்ப ஆற்றலால் வகுத்து வரும் எண்ணின் எதிர் அடுக்குக்குறிச் சார்பு. போட்டுப் பாருங்கள். 100 மில்லிகெல்வினில் விநாடிக்குச் சுமார் 17,000 வெளியேற்றம். 60 மில்லிகெல்வினில் விநாடிக்கு மூன்று. 20 மில்லிகெல்வினுக்கு இறங்கினால், ஒரே ஒரு வெளியேற்றத்துக்குச் சராசரியாக 2,300 கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

டன்னலிங் கணக்கில் வெப்பநிலையே வராது. மேட்டின் உயரத்தைப் பிளாஸ்மா அதிர்வின் ஒரு குவாண்ட ஆற்றலால் வகுத்து, 7.2ஆல் பெருக்கி, அதை எதிர் அடுக்கில் போட வேண்டும். முன்னே ஒரு பெருக்கு எண்ணும் உண்டு. நம் சந்திக்கு உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வெளியேற்றத்துக்குச் சராசரியாக 24 நிமிடம். உராய்வைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். உராய்வு டன்னலிங்கைக் குறைக்கும் என்று கால்டைராவும் லெகெட்டும் 1981இல் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் 2,300 கோடி ஆண்டு எங்கே, 24 நிமிடம் எங்கே. அதே சந்தியில் மின்னோட்டத்தை வெறும் 50 நானோஆம்பியர் கூட்டினால் அந்த 24 நிமிடமும் விநாடியில் சிறு பின்னமாகிவிடும். 20 மில்லிகெல்வினில் உங்கள் சந்தி தாவினால் அதை வெப்பத்தின் தலையில் கட்ட முடியாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இரண்டு வழிகளும் சம பலத்தில் இருக்கும் இடம் கடப்பு வெப்பநிலை. பிளாஸ்மா அதிர்வின் குவாண்ட ஆற்றலை இரண்டு பையால் வகுத்து, கெல்வினுக்கு மாற்றினால் கிடைக்கும். நம் சந்திக்கு 9.8 மைக்ரோஆம்பியரில் சுமார் 42 மில்லிகெல்வின். டைல்யூஷன் ஃப்ரிட்ஜ்கள் 10 மில்லிகெல்வின் வரை இறங்குவதால் இந்தச் சந்தியை இரு பக்கமும் பார்க்க முடியும். கடப்பு வெப்பநிலை 15 மில்லிகெல்வின் என்று வந்தால் அந்தச் சந்தியை ஒதுக்கிவிட்டு, மின்னோட்ட அடர்த்தி அதிகமான வேறொன்றைத் தேடுங்கள்.

ஒயரிங்: இங்கேதான் நேரத்தைப் போட வேண்டும்

ஃப்ரிட்ஜின் வெப்பமானி 20 மில்லிகெல்வின் காட்டுவது தாமிரத் தட்டின் வெப்பநிலையை மட்டுமே. சந்தியின் கட்டம் எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது அதோடு இணைந்த மின்சுற்று. அந்தச் சுற்றின் மறுமுனை 300 கெல்வினில் உங்கள் மேசைமீது இருக்கிறது. 1 கெல்வின் ஏறத்தாழ 20.8 ஜிகாஹெர்ட்ஸுக்குச் சமம். எனவே அறை வெப்பநிலை ஒயர் ஒன்று நம் 5.5 ஜிகாஹெர்ட்ஸ் சந்தியை இடைவிடாமல் உலுக்கிக்கொண்டே இருக்கும், தடுக்காவிட்டால்.

தடுப்பது இரண்டு படியாக. தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட சாதாரண ஃபில்ட்டர் போதும். ஆனால் ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் அந்த மின்தேக்கியே தூண்டல் சுருள்போல நடந்துகொண்டு சிக்னலை உள்ளே விட்டுவிடும். அதற்குத்தான் தாமிரத்தூள் ஃபில்ட்டர்: நீளமான மெல்லிய ஒயரைச் சுருட்டி, நுண்ணிய தாமிரத்தூள் நிரப்பிய குழாய்க்குள் வைப்பது. ஒவ்வொரு தூள் துகளும் தன் ஆக்சைடு மேற்பரப்பால் மற்றதிலிருந்து பிரிந்திருப்பதால் மேற்பரப்பு மொத்தமாக மிகப் பெரிதாகிறது. உயர் அதிர்வெண் அலைகள் அங்கே சுழல் மின்னோட்டங்களாகி வெப்பமாகித் தேய்ந்துபோகின்றன. பெர்க்லி குழு இந்த வகை ஃபில்ட்டரைப் பயன்படுத்திய பிறகு அது உலகமெங்கும் பரவிவிட்டது. ஃபில்ட்டரைச் சந்தி இருக்கும் அதே குளிர்ந்த தட்டில் இறுக்கிப் பொருத்துங்கள். சூடான இடத்தில் இருக்கும் ஃபில்ட்டர் மேலிருந்து வரும் இரைச்சலைத் தடுத்துவிட்டுத் தன் சொந்த இரைச்சலைக் கீழே அனுப்பும்.

இன்னொன்று: சிப்புக்குப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் ஃபில்ட்டர் வேண்டும். நான்கு ஒயரில் மூன்றுக்குப் போட்டுவிட்டு, மின்னழுத்தம் அளக்கும் ஒயர்தானே என்று நாலாவதை விட்டால் முழு வேலையும் வீண். வெப்பமானி ஒயர்கள்கூடச் சிப் இருக்கும் உலோகப் பெட்டிக்குள் நுழையக் கூடாது. மின்னோட்ட மூலத்துக்கு முடிந்தவரை பேட்டரி வையுங்கள். கணினியிலிருந்து வரும் தரைச்சுற்று இரைச்சலை ஒளியிழை இணைப்பால் துண்டியுங்கள். காந்தக் கவசத்துக்குள்ளேயே குளிரவையுங்கள். குளிரும்போது காந்தப் பாயம் மீக்கடத்திப் படலத்தில் சிக்கிக்கொண்டால் மாறுநிலை மின்னோட்டம் கணித்ததைவிடக் குறைந்து நிற்கும், மறுபடி சூடாக்கும்வரை அது போகாது.

அளவீடு

100 மில்லிகெல்வினில் தொடங்குங்கள், கீழ் எல்லையில் வேண்டாம். வெப்பத்தால் தாவும் பகுதியில் கோட்பாடு தெளிவாக இருக்கிறது. கருவியை அங்கேதான் சரிபார்க்க முடியும்.

மின்னோட்டத்தை விநாடிக்கு 100 மைக்ரோஆம்பியர் என்ற சீரான வேகத்தில் சுழியிலிருந்து ஏற்றுங்கள். மின்னழுத்தம் ஒரு வாசலைத் தாண்டிய கணத்தில் மின்னோட்டம் என்ன என்று கணினி குறித்துக்கொள்ளட்டும், உடனே மின்னோட்டத்தைச் சுழிக்கு இறக்கட்டும். நம் சந்தி இந்த வேகத்தில் 9.8 மைக்ரோஆம்பியரை ஒட்டித் தாவ வேண்டும். சிதறலின் அகலம் பத்துப் பதினைந்து நானோஆம்பியர்தான் இருக்கும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. எனவே உங்கள் மின்னோட்ட மூலத்தின் நிலைத்தன்மை பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது மூலத்தைத்தான்.

ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். தாவிய நிலையில் சந்தியில் சுமார் 0.36 மில்லிவோல்ட் இருக்கும். 10 மைக்ரோஆம்பியரோடு பெருக்கினால் 3.6 நானோவாட். சிறிய எண்தான், ஆனால் மில்லிகெல்வினில் மெல்லிய படலத்துக்கு அது நல்ல சூடு. எவ்வளவு காத்திருப்பது என்பதைச் சோதித்தே கண்டுபிடியுங்கள்: இடைவேளையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். சராசரி மாறாமல் இருந்தால் முந்தைய இடைவேளையே போதும்.

ஒரு வெப்பநிலைக்கு 10,000 தாவல்கள் நல்ல அளவு. ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். வடிவத்தைக் கண்ணாலேயே வாசிக்கலாம். சரியான சந்தியில் அது சமச்சீராக இருக்காது. குறைந்த மின்னோட்டப் பக்கம் நீண்ட வால், கூடிய பக்கம் சட்டென்று விழும் சரிவு. மணிபோலச் சமச்சீராக வந்தால் மெதுவான இரைச்சல் எங்கிருந்தோ நுழைகிறது என்று அர்த்தம். ஒயரிங்குக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு முகடு வந்தால் காந்தப் பாயம் ஏதாவது உள்ளே வந்து வந்து போகிறதா என்று பாருங்கள்.

ஹிஸ்டோகிராமிலிருந்து வெளியேறும் வேகத்தைப் பிரித்தெடுக்கும் வழியை ஃபுல்டனும் டங்கிள்பெர்கரும் 1974இல் தந்தார்கள். மின்னோட்ட அச்சை 1 நானோஆம்பியர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டுக்குள் நுழையும்போது இன்னும் தாவாமல் மீதமிருந்த தடவைகள் எத்தனை, வெளியே வரும்போது எத்தனை என்று எண்ணி, அந்த விகிதத்தின் இயல் மடக்கை எடுங்கள். அதை மின்னோட்டம் ஏறும் வேகத்தால் பெருக்கி, துண்டின் அகலத்தால் வகுத்தால் அந்த மின்னோட்டத்தில் வெளியேறும் வேகம் கிடைத்துவிடும். இதை எந்த மாதிரியும் இல்லாமல் தரவிலிருந்து நேரடியாக எடுப்பதுதான் இந்த முறையின் அழகு. ஏற்றும் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி அளந்தால் ஹிஸ்டோகிராம் இடம்பெயரும், ஆனால் வெளியேறும் வேகத்தின் கோடு அதே கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் மேலே போகாதீர்கள்.

அப்புறம், வேகத்தின் மடக்கையை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி மின்னோட்டத்துக்கு எதிரே வரையுங்கள். சரியாகச் சொன்னால், பிளாஸ்மா அதிர்வெண்ணை வெளியேறும் வேகத்தால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையை. நேர்கோடு வரும். அது மின்னோட்ட அச்சை வெட்டும் இடம்தான் உண்மையான மாறுநிலை மின்னோட்டம். சரிவு தருவது கட்டத்தின் வெப்பநிலை. வெப்பமானி காட்டும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருந்தால் உங்கள் ஏற்பாடு தேறிவிட்டது.

சமதளம் வந்ததும் கொண்டாடாதீர்கள்

இப்படி ஒவ்வொரு வெப்பநிலையிலும் எடுத்த எண்ணைத் 'தப்பிப்பு வெப்பநிலை' என்று அழைத்து, ஃப்ரிட்ஜின் வெப்பநிலைக்கு எதிரே வரையுங்கள். மேல் பகுதியில் 45 பாகைக் கோடு. குளிர்விக்கக் குளிர்விக்க ஓர் இடத்தில் கோடு வளைந்து சமதளமாகிவிடும். ஃப்ரிட்ஜ் இன்னும் குளிர்கிறது, தப்பிப்பு வெப்பநிலை அசையவில்லை.

இதுதான் டன்னலிங், முடிந்தது வேலை என்று தோன்றும். ஆனால் இதே சமதளத்தை இரைச்சலும் தரும். ஒயர் வழியாக வரும் இரைச்சல் கட்டத்தை 50 மில்லிகெல்வினிலேயே பிடித்து வைத்திருந்தாலும் வரைபடம் இப்படியேதான் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். சமதளம் டன்னலிங்குக்குத் தேவையான அறிகுறி, போதுமான அறிகுறி இல்லை.

பிரித்தறிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. சந்திக்கு இணையாகச் சிறிய காந்தப் புலம் கொடுத்து மாறுநிலை மின்னோட்டத்தைக் குறையுங்கள். மாறுநிலை மின்னோட்டம் குறைந்தால் பிளாஸ்மா அதிர்வெண் குறையும், அதோடு கடப்பு வெப்பநிலையும் இறங்கும். ஒயர்கள், ஃபில்ட்டர்கள், சிப் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இப்போது மறுபடி அளவுங்கள். சமதளம் கணித்த அளவு வரை கீழே இறங்கினால், முன்பு பார்த்தது டன்னலிங்தான். இறங்காமல் பழைய இடத்திலேயே நின்றால் அது இரைச்சல். இந்தச் சோதனை இல்லாமல் ஒரு சமதளத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஐபிஎம் ஆய்வகத்தில் வாஸ், வெப் இருவரும் 1981இல் தாழ்ந்த வெப்பநிலையில் சிதறலின் அகலம் சுருங்காமல் நிற்பதைக் காட்டினார்கள். பெல் ஆய்வகத்திலிருந்தும் அதே ஆண்டு இதுபோன்ற முடிவு வந்தது. ஆனால் சந்தியின் அளவுருக்களைத் தனியாக அளக்காமல் பொருத்திப் பார்ப்பதில் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும் பெர்க்லியில் 1984, 1985ஆம் ஆண்டுகளில் அந்த இடைவெளியை அடைத்தார்கள். மாறுநிலை மின்னோட்டத்தை வெப்பப் பகுதியிலிருந்து எடுத்தார்கள். மெல்லிய மைக்ரோஅலையைச் செலுத்தி, எந்த அதிர்வெண்ணில் வெளியேற்றம் சட்டென்று கூடுகிறது என்று பார்த்துப் பிளாஸ்மா அதிர்வெண்ணையும் உராய்வையும் எடுத்தார்கள். எல்லா எண்ணும் வெப்பப் பகுதியில் அளந்தாகிவிட்டது. பொருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்த எண்களைக் கொண்டு டன்னலிங் வேகத்தைக் கணித்தால் அளவீட்டோடு ஒத்துப்போனது. காந்தப் புலத்தால் மாறுநிலை மின்னோட்டத்தைக் குறைத்தும் சரிபார்த்தார்கள். 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகத்தான் இந்த மூவருக்கும் வந்தது.

பரிசுக் குறிப்பில் இன்னொரு பாதி உண்டு, ஆற்றல் நிலைகள் தனித்தனியாக இருப்பதைக் கண்டது. பள்ளம் சமச்சீரான கிண்ணமாக இல்லாமல் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதால் அதற்குள் உள்ள நிலைகளின் இடைவெளிகள் ஒன்றுபோல இருக்காது. மேலே போகப் போக நெருங்கும். எனவே மைக்ரோஅலை அதிர்வெண்ணை நிலையாக வைத்து மின்னோட்டத்தை மாற்றினால் வெளியேறும் வேகத்தில் தனித்தனி முகடுகள் எழும். உங்களிடம் மைக்ரோஅலை ஒயர் ஒன்று இருந்தால் கட்டாயம் செய்துபாருங்கள். அந்த ஒயரிலும் குளிர்ந்த அட்டென்யுவேட்டர்கள் (அலையின் வலுவைக் குறைக்கும் உறுப்புகள்) வேண்டும், இல்லாவிட்டால் அதுவே இரைச்சலுக்குத் திறந்த வாசல்.

அகலம் தலைகீழாக நடந்தால்

வெப்பநிலை கூடினால் சிதறலின் அகலம் கூட வேண்டும், சுமார் மூன்றில் இரண்டு அடுக்காக. சில சந்திகளில் ஓர் அளவுக்கு மேல் வெப்பம் கூடும்போது அகலம் குறைய ஆரம்பிக்கும். பயந்துவிடாதீர்கள். மாறுநிலை மின்னோட்டம் சிறியதாகவும் உராய்வு நடுத்தரமாகவும் இருந்தால், மேட்டைத் தாண்டிய குண்டு அடுத்த பள்ளத்திலேயே மறுபடி சிக்கிக்கொள்கிறது. பலமுறை தாண்டி, பலமுறை சிக்கி, கடைசியில்தான் உருண்டு ஓடுகிறது. ஒரு தாவல் என்பது ஒரு வெளியேற்றம் என்ற நம் அடிப்படையே அங்கே உடைந்துவிடுவதால் மேலே சொன்ன பகுப்பாய்வை அப்படியே பயன்படுத்தக் கூடாது. இதற்குக் கட்டப் பரவல் என்று பெயர். 2005ஐ ஒட்டிப் பல குழுக்கள் இந்த அகலச் சுருக்கத்தை அளந்து விளக்கின. உங்கள் சந்தி இந்த வகையா என்று அறிய, சுழி மின்னழுத்தத்தை அண்டிய பகுதியை உற்றுப் பாருங்கள். தாவலுக்கு முன்பே சில மைக்ரோவோல்ட் தெரிந்தால் கட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

சிறிய சந்திகளுக்குப் போகும்போது

சந்தியைச் சுருக்கிக்கொண்டே போனால் இன்னோர் ஆற்றல் தலைதூக்கும்: ஒற்றை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை ஏற்ற ஆகும் ஆற்றல். 1 ஃபெம்டோஃபாரட் சந்திக்கு அது சுமார் 0.93 கெல்வின். அதே சந்தியின் மாறுநிலை மின்னோட்டம் 10 நானோஆம்பியர் என்றால் ஜோசப்சன் ஆற்றல் வெறும் 0.24 கெல்வின். இங்கே கட்டம் ஒரு பள்ளத்தில் நிற்கும் குண்டாக இருப்பதில்லை. கட்டமும் மின்னூட்டமும் நிச்சயமின்மைக் கொள்கையால் கட்டுண்டவை. மின்னூட்டம் உறுதியாகும்போது கட்டம் பல பள்ளங்களில் பரவிவிடும். மீக்கடத்திச் சந்தியே மின்காப்பிபோல நடந்துகொள்வதைப் பார்ப்பீர்கள்.

எந்தப் பக்கம் வெல்லும் என்பதில் சந்தியைச் சுற்றியுள்ள மின்தடைக்கும் பங்கு உண்டு. அளவுகோல் 6.45 கிலோஓம். சுற்றுப்புற மின்தடை இதைத் தாண்டினால் சந்தி மின்காப்பியாக மாற வேண்டும் என்று 1983இல் ஷ்மிட் கணித்தார். தனிச் சந்தியில் இந்த நிலைமாற்றம் உண்மையிலேயே இருக்கிறதா என்று அண்மை ஆண்டுகளிலும் ஆய்வாளர்கள் எதிரெதிர் முடிவுகளை வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணக் கேபிள் உயர் அதிர்வெண்ணில் காட்டும் தடை 50 ஓமை ஒட்டியே இருப்பதால், சிறிய சந்தியை அளக்க நினைத்தால் சிப்பின்மீதே சந்திக்கு மிக அருகில் உயர் மின்தடைகளை அச்சிட வேண்டியிருக்கும்.

ஆயிரக்கணக்கான சந்திகளை வலைபோல அடுக்கினால் வெப்பநிலை கூடும்போது காந்தப் பாயச் சுழல்கள் இணை பிரிந்து மீக்கடத்தல் உடையும். காஸ்டர்லிட்ஸ், தௌலெஸ், பெரெசின்ஸ்கி மூவரின் பெயரால் அறியப்படும் நிலைமாற்றம் அது. வெப்பநிலையைச் சுழிக்கு அருகில் வைத்துக்கொண்டு ஜோசப்சன் ஆற்றலுக்கும் மின்னூட்ட ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தை ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதே வலை குவாண்டம் அலைவுகளாலேயே மின்காப்பியாகிவிடும். அது தனிக் கட்டுரைக்கான பொருள்.

குவாண்டம் கணினிக்காக இந்தத் துறைக்கு வந்தவர்கள் டிரான்ஸ்மான் என்ற மீக்கடத்திக் கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) பக்கம் போவார்கள். 2007இல் முன்வைக்கப்பட்ட அந்த வடிவமைப்பில் ஜோசப்சன் ஆற்றல் மின்னூட்ட ஆற்றலைப்போலப் பல பத்து மடங்கு இருக்கும். கட்டம் மறுபடி பள்ளத்துக்குள் நன்றாக அடங்கிவிடும், மின்னூட்ட இரைச்சலின் தொல்லையும் குறையும். சாய்க்கும் மின்னோட்டம் அங்கே இல்லை, ஆனால் ஃபில்ட்டர், கவசம், குளிர்ந்த அட்டென்யுவேட்டர் என்று மேலே சொன்ன ஒழுங்கு முழுவதும் அப்படியே தேவைப்படும். 5 ஜிகாஹெர்ட்ஸ் கியூபிட்டின் ஆற்றல் 0.24 கெல்வின். 20 மில்லிகெல்வினில் அது தானாகக் கிளர்ச்சியடையும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். அளந்து பார்க்கும்போது நூற்றில் ஒன்று என்று வந்தால், எந்த ஒயருக்கு ஃபில்ட்டர் போடவில்லை என்று தேட ஆரம்பியுங்கள்.